பழைய மாணவர் விருந்து: மதுவுக்குக் கவுன்சில் அனுமதி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 14, சனிக்கிழமை மாலை 6 மணிக்கு லண்டனில் நம் விருந்து. மண்டபத்துக்கு மது உரிமம் இல்லாததால், கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்வு அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். கட்டணம் 21 பவுண்டு.

“இலவசமாகத்தானே தருகிறோம்?” என்று சிலர் கேட்டீர்கள். டிக்கெட் விலையில் ஒரு கோப்பை வைன் அடங்கியிருந்தாலே, 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி அது விற்பனைதான்.

1. அறிவிப்புக்கும் விருந்துக்கும் இடையே 10 முழு வேலை நாட்கள் வேண்டும். கொடுக்கும் நாளும் விருந்து நாளும் கணக்கில் சேராது. அதன்படி அக்டோபர் 30 கடைசி நாள். ஆனாலும் 23ஆம் தேதியே கொடுத்துவிடுவோம். காவல்துறையோ சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவோ ஆட்சேபித்தால் பேசித் தீர்க்க அவகாசம் வேண்டுமே.

2. உள்ளே ஒரே நேரத்தில் 499 பேர்தான் இருக்கலாம், பரிமாறுவோரும் சேர்த்து. உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறீர்கள் என்று குழந்தைகளையும் எண்ணி எழுதுங்கள்.

3. கடை நடத்தும் நண்பர்களே, மது விற்பதற்கான தனிநபர் உரிமம் (personal licence) உள்ள ஒருவர் அறிவிப்பு கொடுக்க முன்வாருங்கள். உரிமம் இல்லாதவர் ஆண்டுக்கு 5 அறிவிப்புகளே கொடுக்கலாம். உள்ளவர் 50 வரை கொடுக்கலாம்.

4. பரிமாற நான்கு பேர் தேவை. 18 வயது நிரம்பாதவருக்கு விற்பது குற்றம். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிபவரிடம் அடையாள அட்டை கேட்பார்கள். நண்பரின் பிள்ளை என்று விட்டுவிட முடியாது, தயவுசெய்து யாரும் கோபிக்க வேண்டாம்.

அக்டோபர் 18, ஞாயிறு இரவு 9 மணிக்குள் இக்குழுவிலேயே பதில் இடுங்கள்.