பல் மட்டும் உடம்பில் சேர்த்தியில்லையா? முதியோர் மருத்துவக் காப்பீட்டை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

முதியோருக்கான பொது மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை வகுத்து நடத்தும் பொறுப்பிலுள்ள பெருமக்களுக்கு வணக்கம்.

என் மாமனாரின் இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தங்கள் திட்டம் தயக்கமின்றி ஒப்புதல் அளித்தது. அதற்கு எங்கள் குடும்பம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. வாயில் சீழோ சொத்தையோ இல்லை என்று பல் மருத்துவரிடம் சான்று வாங்கி வந்த பிறகுதான் கத்தியைத் தொடுவேன் என்று அறுவை சிகிச்சை நிபுணர் சொல்லிவிட்டார். வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து புதிய வால்வில் குடியேறிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், அவர் கேட்டதில் தவறில்லை. பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்களின் வேரடியில் சீழ் கட்டியிருந்தது. அவற்றைப் பிடுங்காமல் சான்று தர இயலாது என்றார். அந்தச் செலவுக்காக நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்துக்கு வந்த பதில் ஒரே வரிதான்: "பல் சார்ந்த சிகிச்சைகள் இத்திட்டத்தில் அடங்கா."

பெரும் பொருட்செலவு பிடிக்கும் அறுவை சிகிச்சைக்குப் பணம் தர முன்வந்த திட்டம், அந்த அறுவை சிகிச்சையின் வாசற்படியான இரண்டு பற்களுக்குக் கையை விரித்துவிட்டது. தொலைபேசியில் பேசிய அலுவலர் மிகவும் கனிவானவர். சீழ் தாடைக்கும் கழுத்துக்கும் பரவி உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தால் அதற்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம் என்று வழிகாட்டினார். அந்த நல்ல செய்தியை மாமனாரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணத்தைப் புரட்டி முடிப்பதற்குள் அறுவை சிகிச்சைக்குக் குறித்த நாள் கைவிட்டுப் போயிற்று. இடைப்பட்ட நாட்களில் அவர் பட்ட பாட்டை விண்ணப்பப் படிவத்தில் எழுத இடமில்லாததால் இங்கே எழுதுகிறேன். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் இரவெல்லாம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருந்தார். சாய்ந்தால் கன்னம் விண்விண்ணென்று தெறித்தது. எதையும் ஒரு பக்கமாகவே, அதுவும் குழைத்துக் கொடுத்தால்தான் மென்றார். நடுவில் மூச்சு வாங்க நிறுத்திவிட்டு, வாயிலிருப்பதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் கூசி, கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி எங்களைப் பார்ப்பார். ஒரு கட்டத்தில் பசியில்லை என்று சொல்லத் தொடங்கினார். இதயத்துக்கு ஒரு துறை, பல்லுக்கு வேறு துறை என்ற பாகுபாட்டை அந்த உடம்புக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தப் பாகுபாட்டின் வரலாறு தாங்கள் அறியாததன்று. 1840இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பல் மருத்துவத்துக்கென்றே தனிக் கல்லூரி தொடங்கப்பட்டதிலிருந்து, படிப்பும் பட்டமும் தொழிலும் மருத்துவத்திலிருந்து பெரிதும் விலகியே வளர்ந்தன. 1965இல் அந்நாட்டில் முதியோருக்கான மெடிகேர் திட்டம் சட்டமானபோது, பற்களுக்கான வழக்கமான சிகிச்சை சட்டத்தின் வாசகத்திலேயே விலக்கி வைக்கப்பட்டது. முதுமையில் பல் விழுவது இயற்கை என்று கருதப்பட்ட காலம் அது. பல் நோய் எல்லாருக்கும் வருவது, எதிர்பாராத இடர் அன்று, ஆகவே காப்பீட்டுக்கு ஏற்றதன்று என்ற வாதமும் உண்டு. எல்லாருக்கும் வருவது என்பதையே காரணம் காட்டி விலக்குவதானால், முதுமையில் வரும் நோய்களில் எத்தனை மிஞ்சும்?

இன்னொன்றையும் தாங்கள் கருத வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் மாத்திரைகளில் பல, உமிழ்நீரை வற்றச் செய்பவை. உமிழ்நீர் குறைந்த வாயில், ஈறு கீழிறங்கி வெளிப்பட்ட வேர்களைச் சொத்தை விரைவில் அரித்துவிடும். தங்கள் திட்டமே ஒரு கையால் மாத்திரையை வாங்கித் தந்து, அதனால் வரும் சொத்தையை மறு கையால் தள்ளிவிடுகிறது. ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. படுக்கையில் கிடக்கும் முதியவரின் வாய் அசுத்தமாக இருந்தால் அந்தக் கிருமிகள் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வரலாம். இவற்றுக்கெல்லாம் மருத்துவமனையில் தாங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள். பணியிடம் தந்த பல் காப்பீடு ஏதும் இருந்தாலும், அது பெரும்பாலும் பணி ஓய்வோடு முடிந்துவிடுகிறது; தேவை கூடும் வயதில்தான் கை வெறுமையாகிறது.

பல் மட்டுமா? இத்தகைய திட்டங்கள் பலவற்றில் மூக்குக் கண்ணாடியும் காதொலிக் கருவியும்கூடச் சேர்வதில்லை. பார்ப்பதும் கேட்பதும் மெல்லுவதும் முதியோரின் சொந்தப் பொழுதுபோக்குகள் என்று முடிவு செய்திருக்கிறீர்கள் போலும். அவற்றைத் துறந்துவிட்டு, இதயத்தையும் சிறுநீரகத்தையும் மட்டும் நல்ல நிலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரே தங்கள் திட்டத்தின் இலட்சியப் பயனாளி. கடுமையாக எழுதுவது என் நோக்கமன்று, பொறுத்தருள வேண்டும். பல் சிகிச்சையைத் திட்டத்தில் சேருங்கள் என்பதே என் கோரிக்கை.

செலவு கட்டுப்படியாகாது என்பார்கள். செலவு கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜப்பானின் பொதுக் காப்பீட்டில் பல் சிகிச்சை பெரும்பாலும் அடங்கியே இருக்கிறது. அங்கே 80 வயதில் 20 பற்கள் என்ற இலக்குடன் 1989இல் ஓர் இயக்கம் தொடங்கப்பட்டு, 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த வயதினரில் பாதிப் பேருக்கு மேல் இலக்கை எட்டியிருந்தனர். பல்லாண்டுகளாகப் பல்லை ஒதுக்கி வைத்திருந்த கனடாவின் பொது அமைப்பு, வேறு பல் காப்பீடு இல்லாத, குறிப்பிட்ட வருமான வரம்புக்குட்பட்ட முதியோரிலிருந்து தொடங்கி, 2024 மே முதல் தனித் திட்டம் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விலக்கைச் சட்டமாகவே எழுதிவைத்த மெடிகேர்கூட, 2023 முதல் வால்வு மாற்று, உறுப்பு மாற்று போன்ற சிகிச்சைகளுக்கு முன் வாய்த் தொற்றை நீக்கும் செலவை ஏற்கலாம் என்று விதியைத் தெளிவுபடுத்தியது. என் மாமனாருக்காக நாங்கள் கேட்டதும் அதைத்தான்.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறேன். திட்டத்தை அடுத்த முறை திருத்தும்போது பல் விலக்கு விதியை நீக்கி, பரிசோதனை, சொத்தையை அடைத்தல், பல் பிடுங்குதல், பல் செட் ஆகியவற்றையேனும் சேர்க்க வேண்டும். அதற்குக் காலமாகும் என்றால், தாங்கள் ஏற்கெனவே ஒப்புதல் அளித்த அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பல் சிகிச்சையை, அந்த அறுவை சிகிச்சையின் பகுதியாகவே கருதும்படி ஒரு சுற்றறிக்கை இப்போதே அனுப்பலாம். இம்முறை பதில் ஒரு வரிக்கு மேல் இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பயனாளி ஒருவரின் மருமகள்