சார்ல்டன் அணியைச் சொந்த மைதானத்துக்கு மீட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்புக்குரிய சார்ல்டன் அத்லெட்டிக் ரசிகப் பெருமக்களுக்கு வணக்கம்.

1985 செப்டம்பர் முதல் 1992 டிசம்பர் வரை, தென்கிழக்கு லண்டனின் கால்பந்து அணியொன்றை அதன் சொந்த மைதானமான 'தி வேலி'க்குத் திரும்ப அழைத்துவர நீங்கள் பட்ட பாட்டுக்காக, அந்தப் பாட்டின் பலனை மட்டும் அனுபவிக்க வந்து சேர்ந்த பிற்கால ரசிகர்களில் ஒருவனாக இந்த மடலை எழுதுகிறேன். சார்ல்டன் ரயில் நிலையத்தில் இறங்கிச் சற்று நேரம் நடந்தால் இன்று எங்கள் இருக்கை வந்துவிடுகிறது. ஏழு ஆண்டுகள் அந்த நடை யாருக்கும் வாய்க்கவில்லை என்பதைப் புதிதாக வரும் ரசிகர்கள் பலர் அறியாமலேயே இருக்கிறார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்பதற்காகவே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

கைவிடப்பட்ட பழைய குழியொன்றை 1919-இல் தன்னார்வலர்கள் தம் உடலுழைப்பால் சீர்படுத்தி உருவாக்கிய மைதானம் அது. 1938 பிப்ரவரியில் ஆஸ்டன் வில்லாவுடன் நடந்த எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தைக் காண 75,031 பேர் அங்கே கூடினார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தை விட்டு அணி வெளியேறப்போகிறது என்ற செய்தி 1985 செப்டம்பர் 7 அன்று, கிரிஸ்டல் பேலஸ் அணியுடனான ஆட்டத்துக்கு வந்தவர்களின் கையில் ஒரு துண்டறிக்கையாகத் திணிக்கப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம் பிராட்ஃபோர்டு மைதானத் தீ விபத்தில் 56 பேர் உயிரிழந்ததைத் தொடர்ந்து பாதுகாப்பு விதிகள் கடுமையாகி, வேலியின் பிரம்மாண்டமான கிழக்குப் படிக்கட்டு மாடம் மூடப்பட்டிருந்தது. மேற்கு மாடத்துக்குப் பின்னாலிருந்த நிலத்தையோ நில உரிமையாளர் திரும்பக் கேட்டார். காரணங்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக வந்தவர்களிடம் ஒரு வார்த்தை கலந்து பேசாமல், இரண்டே வாரங்களில், செப்டம்பர் 21 அன்று ஸ்டோக் சிட்டியுடனான ஆட்டத்தோடு கதவைச் சாத்தியதற்கு அவை போதுமான சமாதானமல்ல.

அணி போய்ச் சேர்ந்ததோ கிரிஸ்டல் பேலஸ் அணியின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க். அங்கே போகவே மாட்டோம் என்று வீட்டிலேயே இருந்துவிட்ட ரசிகர்களுக்கும், மனம் ஒப்பாமலேயே வாரந்தோறும் அங்கே போய் அணிக்குக் குரல் கொடுத்த ரசிகர்களுக்கும் என் நன்றி உரியது. யார் உண்மையான ரசிகர் என்று இவ்விரு சாராரையும் எடைபோட்டுப் பார்க்க நான் விரும்பவில்லை. முதல் சாரார் காலியாக விட்ட இருக்கைகள் நிர்வாகத்துக்கு ஒரு செய்தியைச் சொல்லின. இரண்டாம் சாரார் இல்லாமற்போயிருந்தால், லெனி லாரன்ஸின் பயிற்சியில் 1986-இல் அன்றைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனுக்கு ஏறிய அந்த அணி அடுத்தவர் மைதானத்தில் அனாதையாக ஆடியிருக்கும்.

1988 தொடக்கத்தில் 'வாய்ஸ் ஆஃப் தி வேலி' என்ற ரசிகர் இதழைத் தொடங்கியவர்களுக்கும், அதை ஆட்டத்துக்கு ஆட்டம் மழையிலும் குளிரிலும் வாயிலில் நின்று விற்றவர்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சிதறிக் கிடந்த ஆதங்கத்தைக் கோரிக்கையாகத் திரட்டியது அந்த இதழ்தான். ரசிகர்களின் குரலுக்கு இடம் கொடுத்து, கையெழுத்தும் திரட்டிய உள்ளூர்ச் செய்தித்தாளின் பங்கும் சிறியதன்று. ரோஜர் ஆல்வனின் தலைமையில் அமைந்த புதிய நிர்வாகம் 1989 மார்ச்சில் உல்விச் நகர மண்டபத்தில் ரசிகர்களைக் கூட்டி, அணி ஊர் திரும்பும் என்று அறிவித்தது.

அதற்கடுத்து நடந்ததே இந்த வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி. கேட்பாரற்றுக் கிடந்த படிக்கட்டுகளின் இடுக்குகளில் களையும் புதரும் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு வந்து, வெட்டியதையெல்லாம் ஆடுகளத்தின் நடுவிலேயே குவித்துத் தீ மூட்டினீர்கள். கூலி கிடையாது, மேடை கிடையாது. ஆட்டம் என்றைக்கு நடக்கும் என்ற உறுதிகூட இல்லாத நிலையில் முதுகு ஒடிய உழைத்த அந்தக் கைகளுக்குரியவர்கள் பலரின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை.

1990 ஜனவரி 31 அன்று, வேலி அமைந்த பகுதியை நிர்வகிக்கும் கிரீன்விச் நகரசபையின் திட்டக்குழு, மைதானத்தைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. மனு கொடுத்தாயிற்று, கூட்டம் போட்டாயிற்று, இனி என்ன என்று சோர்ந்திருந்தால் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. நீங்களோ 'வேலி கட்சி' என்று ஒரு கட்சியையே தொடங்கி, அந்த மே மாத நகரசபைத் தேர்தலில் மொத்தமிருந்த 62 இடங்களில், உங்கள் கோரிக்கையை ஆதரித்த இரு உறுப்பினர்களின் இடங்களை மட்டும் விட்டுவைத்து, மீதி 60 இடங்களிலும் வேட்பாளர்களை நிறுத்தினீர்கள். ஒரு கால்பந்து மைதானத்துக்காகத் தேர்தலா என்று சிரித்தவர்கள், 14,838 வாக்குகள் விழுந்ததைப் பார்த்த பின் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். பதிவான வாக்குகளில் ஏறத்தாழ 11 விழுக்காடு அது. ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லைதான். ஆனால் விண்ணப்பத்தை நிராகரித்த திட்டக்குழுவின் தலைவர் தம் இடத்தை இழந்தார். வெற்றி பெறப் போவதில்லை என்று தெரிந்தே தங்கள் பெயரையும் முகவரியையும் வாக்குச்சீட்டில் அச்சேற்றச் சம்மதித்த அந்த அறுபது பேருக்கும், அலுவலகம் முடிந்த கையோடு வீடு வீடாகப் படியேறியவர்களுக்கும், சுவரொட்டிகளை வடிவமைத்த விளம்பரத் துறை நண்பர்களுக்கும், கால்பந்தே பார்க்காமல் நியாயத்துக்காக மட்டும் வாக்களித்த பொதுமக்களுக்கும் எங்கள் வணக்கம். 1991-இல் தன் முடிவை மாற்றிக்கொண்டு அனுமதி வழங்கிய நகரசபைக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஒரு முறை சொன்ன 'இல்லை'யைத் திரும்பப் பெற அதிகார பீடங்களுக்கு மனம் எளிதில் வருவதில்லை.

அனுமதி வந்த பிறகும் பணம் வரவில்லை. வேலைகள் இழுத்துக்கொண்டே போக, மற்றொரு லண்டன் அணியான வெஸ்ட் ஹாமின் அப்டன் பார்க் மைதானத்தில் மறுபடியும் ஒண்டுக்குடித்தனம். அந்த நேரத்தில் ரசிகர்களே தங்கள் சேமிப்பிலிருந்து பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டித் தந்தார்கள். 1992 டிசம்பர் 5 அன்று, 2,632 நாட்கள் கழித்து, போர்ட்ஸ்மத் அணிக்கு எதிராக வேலியில் மீண்டும் பந்து உருண்டது. 8,337 பேர்தான் உள்ளே. கிழக்கு மாடம் இன்னும் மூடியே இருந்தது. கோலின் வால்ஷ் ஏழாவது நிமிடத்தில் அடித்த கோல் ஒன்றே ஆட்டத்தின் ஒரே கோல். அன்று அங்கே இருந்தவர்களைப் பார்த்தால், மரியாதை கலந்த பொறாமை எனக்கு வருவதை மறைக்கத் தேவையில்லை.

மைதானம் ஒருவரிடமும் அணி வேறொருவரிடமும் இருந்ததால்தான் 1985-இல் அந்தக் கேடு நேர்ந்தது. 2020-இல் அணி கைமாறியபோது மைதானம் முந்தைய உரிமையாளரிடமே தங்கிவிட்டது என்பதைப் பார்க்கையில், பழைய பாடத்தை நிர்வாகங்கள் மறக்கும் வேகம் வியப்பளிக்கிறது. நீங்கள் மறக்கவில்லை. சேமிப்பிலிருந்து தந்த அந்த முதலீட்டுக்கு ஈடாக இயக்குநர் குழுவில் ரசிகர்களின் பிரதிநிதி ஒருவர் அமரும் உரிமையை அன்று கேட்டு வாங்கியது அதனால்தான். அந்த இருக்கையில் அமர்ந்து பணியாற்றியவர்களுக்கும், குத்தகை ஒப்பந்தம், நில உரிமை என்று அலுப்பூட்டும் காகிதங்களை இன்றும் வரி விடாமல் படித்து எங்களுக்கு விளக்கிச் சொல்லும் ரசிகர் அமைப்பினருக்கும் இந்த நன்றியில் முழுப் பங்கு உண்டு.

இப்படிக்கு,
மிகுந்த கடப்பாட்டுடன்,
சார்ல்டன் அணியின் தமிழ் ரசிகன் ஒருவன்