பச்சை நோட்டு

15.6.2025

அன்புள்ள கணக்கம்மா,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ திட்டுவது இங்கேயே கேட்கிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நீ தென்காசிக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு சாரலில் நனைகிறாய், நான் இங்கே வெயிலில் டி.சி. எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ப்ளஸ் டூ ரிசல்ட் சொல்லிவிடுகிறேன். 58 பேர் எழுதி 56 பேர் பாஸ். 96.55 சதவீதம். மாநிலமே 95.03தான், அதனால் நம் ஹெச்.எம். பெரியம்மா பள்ளி கேட்டில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார். கணக்கில் மட்டும் சென்டம் இல்லை. "கணக்கம்மா இருந்திருந்தா..." என்று பிசிக்ஸ் சார் ஸ்டாஃப் ரூமில் மூன்று தடவை சொல்லிவிட்டார். போதுமா? தவறிய இரண்டு பையன்களுக்கும் மாதக் கடைசியில் துணைத்தேர்வு. தினமும் வருகிறார்கள், தேறிவிடுவார்கள்.

நீ விட்டுப்போன பச்சை நோட்டை நான்தான் தொடர்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் எங்கே சேர்ந்தது என்று நீ எழுதிவைப்பாயே, அதேபோல. 45 பெயருக்கு எதிரே எழுதியாயிற்று. பாதிப் பேர் அரசுக் கலைக்கல்லூரி, அடுத்தபடியாக நர்சிங், பாலிடெக்னிக். 11 பெயர் காலி. 471 மார்க் எடுத்த ஒரு பையன் வீட்டுக்குப் போன் போட்டால், "திருப்பூர் போயிட்டான் டீச்சர், பனியன் கம்பெனி" என்கிறார் அவன் அம்மா. மேற்படிப்பில் சேராதவர்களுக்கு நடத்தும் 'உயர்வுக்குப் படி' முகாமுக்காவது அனுப்புங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். பாஸ் சதவீதத்தை ஃபிளெக்ஸில் போடுகிறோம், இந்த 11 பேரை எதில் போடுவது?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறொரு பெண்ணுக்காக. லெவன்த்தில் நீ போர்டில் போட்ட கணக்கில் தப்பு கண்டுபிடித்தாளே, அவள்தான். மொத்தம் 540. கணக்கு 94, இயற்பியல் 86, வேதியியல் 91. பொறியியல் கட்-ஆஃப் 182.5. எலக்ட்ரிகல்தான் வேண்டும் என்று ஒரே பிடி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரியே கிடைக்கும், டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டிவிடும் என்று நான்தான் அவளிடம் வருடம் முழுக்கச் சொல்லிவந்தேன். 2021இல் அது பொறியியலுக்கும் வந்தபோது லேபில் டீ போட்டுக் கொண்டாடினோமே, ஞாபகம் இருக்கிறதா?

அந்த ஒதுக்கீட்டுக்காக, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று போட, மாணவர் விவரமெல்லாம் இருக்கும் எமிஸ் தளத்தைத் திறந்தேன். ஏழிலிருந்து நம் பள்ளி. ஆறாம் வகுப்பு மட்டும் அவள் ஆத்தா ஊரில், அரசு உதவிபெறும் பள்ளியில். அந்த வருடம் அவள் அம்மாவுக்கு ஆபரேஷன், அதனால் ஆத்தாவிடம் விட்டிருக்கிறார்கள். படித்தது தமிழ்வழி. அதே அரசுப் புத்தகம், அதே சத்துணவு. ஆனால் உதவிபெறும் பள்ளி 7.5இல் சேராது. ஒரே ஒரு வருடத்தால் போயிற்று.

எனக்கு ஆறவே இல்லை. கல்லூரி உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்தைப் போன டிசம்பரில்தானே உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்த பெண்களுக்கும் விரித்தார்கள்? மாதம் 1,000 ரூபாய்க்கு அந்த ஆறாம் வகுப்பு செல்லும், சீட்டுக்குச் செல்லாதா? பதினொரு வயதில் யார் வீட்டில் இருந்தாள் என்பதை வைத்து, பதினேழு வயதில் அவளை வெளியே நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

நான் சொன்னபோது அவள் அழவில்லை. கையிலிருந்த ஜெராக்ஸின் மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள். பிறகு, "அப்ப ஆறாவதுல நான் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினதும் கணக்கில்லையா டீச்சர்?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வேன்?

பொது கலந்தாய்வு இருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்று வாங்கிவிட்டோம். ஃபீஸ் ஓரளவு சமாளிக்கலாம், ஹாஸ்டலும் மெஸ்ஸும்தான் மலைப்பாக இருக்கிறது. முதல் வருட மெஸ்ஸை நானும் பிசிக்ஸ் சாரும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டோம். அவள் அப்பா, "பக்கத்துலயே ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.எஸ்சி. போட்டுடுங்க டீச்சர், கடன்பட முடியாது" என்கிறார். பி.எஸ்சி. ஒன்றும் குறைச்சல் இல்லை, நானே அங்கே படித்து வந்தவள்தான். ஆனால் அவள் கேட்டது அது இல்லையே.

நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். அவள் அப்பா உன் பேச்சைக் கேட்பார். லோடு ஆட்டோ விட்டுவிட்டு இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பார், அப்போது போன் பண்ணு. அப்புறம் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடுவது என்று எழுதி அனுப்பு. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஏதாவது தேறினால் அதை மேலே போடு. உன்னைப்போல் அது எனக்கு வராது.

மிளகாய்ப்பொடி அனுப்பியிருக்கிறேன். டப்பா அம்மாவுடையது, மறக்காமல் திருப்பி அனுப்பு. அவள் அப்பாவிடம் பேசியதும், ராத்திரி எத்தனை மணியானாலும் சரி, என்னைக் கூப்பிடு.

உன்,
கெமிஸ்ட்ரி