ஆறு மில்லி ஒயர்

பெர்த்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவால்ல" என்று முடித்துவிடுவீர்கள். கடிதம் எழுத இன்னொரு காரணமும் உண்டு. ஒயர் வாங்கி ஏமாந்த கதையைப் போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பிப்பீர்கள்.

கார் டிக்கியில் இரண்டாவது பேட்டரி வைத்திருக்கிறேன். (இங்கே டிக்கி என்றால் யாருக்கும் புரியாது, பூட் என்று சொல்ல வேண்டும்.) லீவு விட்டால் இங்கே கூடாரமும் சின்ன ஃபிரிட்ஜுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். நாங்கள் போகப்போகும் கல்பாரி வடக்கே 570 கிலோமீட்டர். நம் ஹைவே மாதிரி பத்து நிமிடத்துக்கொரு டீக்கடை கிடையாது. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் ஓடி முன் பேட்டரி இறங்கிவிட்டால், ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது.

உங்கள் லாரிகளில் இரண்டு பேட்டரியைத் தொடராகப் போட்டு 24 வோல்ட் எடுப்பீர்கள். இங்கே இரண்டும் தனித்தனி 12 வோல்ட். ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர், என் வண்டியில் பெட்ரோலை மிச்சம் பிடிக்கத் தன் வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும் ரகம். இரண்டு பேட்டரியையும் இணைக்க வெறும் ரிலே சுவிட்ச் வைத்தால் பின் பேட்டரி நிறையாது. அதனால் டிக்கியில், குறைந்த வோல்டேஜை உயர்த்திப் பின் பேட்டரியை நிரப்பும் ஒரு டிசி-டிசி சார்ஜர், 25 ஆம்பியர்.

சரி, ஏமாந்த கதை. முன் பேட்டரியிலிருந்து இந்தச் சார்ஜருக்கு இழுக்க, கடையில் "6 மில்லி" என்று எழுதியிருந்த இரட்டை ஒயரை வாங்கினேன். நம் ஊரில் ஆறு ஸ்கொயர் என்றால் செம்பின் குறுக்குப் பரப்பு ஆறு சதுர மில்லிமீட்டர். இங்கே கார் ஒயரில் அந்த ஆறு, மேலுறையோடு சேர்த்து ஒயரின் தடிமன்! உள்ளே செம்பு வெறும் 4.6 சதுர மில்லிமீட்டர்தான். சீட்டையெல்லாம் கழற்றி, கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு ஞாயிறு முழுக்க இழுத்து முடித்து மீட்டர் வைத்தால், முன்னால் 13.9, சார்ஜர் வாயில் 12.4. போக ஆறு மீட்டர், வர ஆறு மீட்டர். ஒன்றரை வோல்ட் ஒயரிலேயே சூடாகப் போய்விட்டது. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது.

எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு 6 பி அண்ட் எஸ் ஒயர் வாங்கினேன். இது வேறு கணக்கு, நம்பர் குறையக் குறைய ஒயர் தடிக்கும். செம்பு பதின்மூன்று சதுர மில்லிமீட்டருக்கு மேல். இப்போது இழப்பு அரை வோல்ட்டுக்குள். பாதி விலையில் இன்னொரு ஒயரும் இருந்தது, இதே தடிமன். நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை, செம்பு பூசிய அலுமினியம். அதில் மட்டும் நான் ஏமாறவில்லை, பட்டறையில் நீங்கள் பழக்கிவிட்டதுதான்.

ஃபியூஸ் இரண்டு, முன் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஒன்று, பின் பேட்டரி பக்கத்தில் ஒன்று. எதற்கு இரண்டு என்பீர்கள். ஒயர் உரசி பாடியில் பட்டால் பின்னால் இருப்பதும் பேட்டரிதானே, அதுவும் கரண்டைக் கொட்டும். என்ஜின் பக்கத்துத் தகட்டைத் தாண்டும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டிருக்கிறேன். ஆட்கள் உட்காரும் வண்டிக்குள் இருப்பதால் தண்ணீர் ஊற்றும் பேட்டரி வேண்டாமென்று சீல் வைத்த ஏஜிஎம் வாங்கினேன். 100 ஆம்பியர்-ஹவர், முப்பது கிலோ கனம். தூக்கி வைப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஒரே ஒரு விஷயத்தில் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. ஒயர் நுனியில் மாட்டும் லக்கில் ஈயம் பற்றவைக்காமல், ஹைட்ராலிக் கருவியால் அமுக்கிவிட்டேன். ஈயம் இழைக்குள் ஏறினால் அந்த இடம் விறைத்து, அதிர்வில் ஒடியும் என்கிறார்கள் இங்கே. உங்கள் லாரிகளில் ஒடிந்ததுண்டா? அதை மட்டும் போனில் சொல்லுங்கள்.

அப்புறம், நேற்று ஃபிரிட்ஜில் இட்லி மாவு வைத்துச் சோதித்தோம். பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. குளிர் இன்னும் கூட்ட வேண்டுமாம், அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்