டெம்ப்ளர்களின் ஒப்புதல் வாக்குமூலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, டைஸ் உருட்டி, கேரக்டர் ஷீட் எழுதி ஆடுகிற கதை விளையாட்டுகள் நம் டெல்டா மாவட்டக் கல்லூரிப் பிள்ளைகளிடம் பரவி வருவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். கூடவே ஒரு பெட்டிச் செய்தியும் இருந்தது. டெம்ப்ளர்கள் என்ற கிறிஸ்தவப் போர்த் துறவிகள் விக்கிரகத் தலையை வணங்கியவர்கள், உலகத்தை மறைவிலிருந்து ஆட்டிவைத்தவர்கள் என்று விளையாட்டில் வரும் கதையையே சரித்திரம் போல அதில் போட்டுவிட்டீர்கள். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் மயிலாடுதுறையில் கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீல். ஞாயிறு சாயங்காலம் என் ஆபீஸ் மாடியில் ஜூனியர்களும் என் அண்ணன் மகனும் அவன் சிநேகிதர்களும் கூடி ஆடுகிறார்கள். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். அதனால் விளையாட்டின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சதிக் கதைக்கு ஒரு ரகசியக் கூட்டம் வேண்டும், சரி. ஆனால் கைக்கு முதலில் அகப்படுவது எப்போதும் டெம்ப்ளர்கள்தான். 1992இல் பிரான்சில் வந்த நெஃபிலிம் மேசை விளையாட்டில் அவர்கள் வேட்டைக்காரர்கள். 2003இல் வந்த டியூஸ் எக்ஸ் வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தில் மதவெறிப் படை. 2007இல் தொடங்கிய அசாசின்ஸ் க்ரீட் வீடியோ கேம் வரிசையில் ஒரு பெரிய கார்ப்பரேட் கம்பெனியின் பின்னால் ஒளிந்துகொண்டு மனிதர்களின் சுயபுத்தியையே பறிக்கப் பார்க்கிறவர்கள்.

எங்கள் மேசையிலும் இந்தப் பேச்சு வந்தது. அண்ணன் மகன் தன் நோட்டில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் சிலுவை போட்டு, கீழே 'எதிரி' என்று எழுதி வைத்திருந்தான். டெம்ப்ளர்கள் என்ன தப்பு செய்தார்கள் என்று கேட்டேன். "அத்தை, அவங்கதான் கோர்ட்டுல ஒத்துக்கிட்டாங்களே" என்றான். பக்கத்தில் இருந்த ஜூனியர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு. இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23ஆவது பிரிவு. ஏன் அப்படி ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் டெம்ப்ளர் வழக்கைப் படித்தால் போதும்.

1119 வாக்கில் ஜெருசலேமில் தொடங்கிய சங்கம் அது. யாத்திரிகர்களுக்குக் காவல் என்று ஆரம்பித்து, நிலமும் பணமும் சேர்ந்து, கடைசியில் பிரான்ஸ் அரசனின் கஜானாவையே பாரிஸில் தங்கள் கோட்டையில் வைத்துப் பராமரிக்கும் அளவுக்கு வளர்ந்தது. 1291இல், அந்தப் பக்கம் கிறிஸ்தவர்கள் கையில் மிஞ்சியிருந்த ஆக்கர் நகரம் வீழ்ந்ததும் காவல் காக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நான்காம் பிலிப் அரசனுக்கோ எப்போதும் பணமுடை. நாணயத்தின் மதிப்பைக் கெடுத்தான். 1306இல் யூதர்களை நாட்டைவிட்டே துரத்தி அவர்கள் சொத்தை எடுத்துக்கொண்டான். அடுத்த வருஷம் செப்டம்பர் 14இல் முத்திரை வைத்த ரகசிய உத்தரவுகள் நாடு முழுக்கப் போயின. அக்டோபர் 13 வெள்ளிக்கிழமை விடியற்காலையில் டெம்ப்ளர்களை, விக்கிரக வணக்கம் முதலிய குற்றங்களைச் சாட்டி, ஒரே வீச்சில் பிடித்தார்கள். ரகசியச் சதி என்று ஒன்று அந்தச் சரித்திரத்தில் இருந்தது என்றால் அது இதுதான்.

பாரிஸில் விசாரித்த 138 பேரில் நான்கு பேர் தவிர எல்லாரும் ஏதோ ஒரு குற்றத்தையாவது ஒப்புக்கொண்டார்கள். எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்பது அப்புறம் போப்பாண்டவர் அமைத்த ஆணையத்தின் முன் வெளிவந்தது. பெர்னார்ட் என்ற ஒருவர், நெருப்பில் பாதம் வெந்து விழுந்த தன் எலும்புகள் இரண்டைக் கையில் எடுத்துவந்து காட்டினார். கைகளைப் பின்னால் இறுக்கிக் கட்டியதில் நகக்கண் வரைக்கும் ரத்தம் வந்ததை இன்னொருவர் சொன்னார். சித்திரவதைக்கு வழக்கமில்லாத இங்கிலாந்தில் பெரும்பாலோர் கடைசி வரை மறுத்தார்கள். சைப்ரஸிலும் மறுத்தார்கள். அடித்த இடத்தில் ஒப்புதல், அடிக்காத இடத்தில் மறுப்பு. எந்த மாஜிஸ்திரேட்டுக்கும் இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

1310 வசந்தத்தில் ஏறக்குறைய 600 பேர் துணிந்து சங்கத்துக்காக வாதாட முன்வந்தார்கள். கொடுத்த வாக்குமூலத்தை மாற்றினால் மதத்திலிருந்து மறுபடி வழிதவறியவர் என்று எரிக்கலாம் என்பது அன்றைய சட்டம். மே 12ஆம் தேதி பாரிஸுக்கு வெளியே 54 பேரை உயிரோடு கொளுத்தினார்கள். தீர்ப்புச் சொன்ன பேராயர், அரசனின் தலைமை அமைச்சருக்குக் கூடப்பிறந்தவர். அதற்குமேல் வாதாட வந்தவர்கள் வாயடைத்துப் போனதில் ஆச்சரியம் என்ன? 1312இல் சங்கத்தைக் கலைத்தார்கள். 1314இல் தலைவர் ஜாக் தெ மொலேயையும் எரித்தார்கள்.

இத்தனைக்கும் டெம்ப்ளர்கள் நல்லவர்கள் என்று நான் வாதாடவில்லை. சிலுவைப் போரில் மதத்தின் பேரால் கொன்றவர்கள் அவர்கள். பால்டிக் கரையில், அவர்களைப் போன்ற இன்னொரு போர்த் துறவிச் சங்கமான ட்யூட்டானிக் வீரர்கள் பிரஷ்ய மக்களை வாள்முனையில் அடக்கியதும் நடந்த கதைதான். அந்தக் குற்றங்களுக்காக அவர்களை வில்லனாக்குங்கள், நானும் சேர்ந்து ஆடுகிறேன். விளையாட்டுகள் அதைத் தொடுவதே குறைவு. பிலிப் அரசனின் குற்றப்பத்திரிகையை அப்படியே எடுத்து, விக்கிரகத் தலையையும் புதையலையும் நிஜமாக்கி, எரிந்து செத்தவர்களை மறுபடி கூண்டில் ஏற்றுகிறார்கள். 1797இல் பாருவெல் என்ற பாதிரியார் பிரெஞ்சுப் புரட்சிக்கே டெம்ப்ளர் வழிவந்த சதிதான் காரணம் என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதே படச்சட்டத்தில் டெம்ப்ளர் படத்தை எடுத்துவிட்டு யூதர்களின் படத்தை மாட்டினார்கள். அதன் முடிவு எல்லாருக்கும் தெரியும்.

நமக்கு இது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். போர்ச்சுகல் அரசன் டெம்ப்ளர் சொத்தை வைத்து 1319இல் கிறிஸ்துவின் சங்கம் என்று புதிதாக ஒன்றை ஏற்படுத்தினான். அந்தச் சங்கத்தின் சிவப்புச் சிலுவையைப் பாயில் தாங்கித்தான் போர்ச்சுகீசியக் கப்பல்கள் இந்தியாவுக்கு வந்தன. 1658இல் டச்சுக்காரர்கள் பிடிக்கும் வரை நாகப்பட்டினம் அந்தப் போர்ச்சுகீசியர்களிடம்தான் இருந்தது.

காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டும் என் மனசில் ஓடுகிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களும், அவர்களுடைய சுற்றத்தாரின் நிலம் பறிமுதலான கணக்கும் அதில் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பது கல்லில் இல்லை. அந்த இடைவெளியில்தான் நாமும் ஆளுக்கொரு சதிக் கதை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் மேசையில் அடுத்து ஆடப்போகும் கதையை மாற்றிவிட்டேன். டெம்ப்ளர்களுக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் பொலோன்யா ஊர்ப் பீட்டர் என்ற பாதிரியார், சட்டம் தெரிந்தவர். 54 பேரை எரித்த சில நாளில் ஆள் காணாமல் போனார். சிறையிலிருந்து தப்பி ஓடிவிட்டார் என்று ஆணையத்திடம் சொன்னார்கள். பிள்ளைகள் ஆணையத்தின் குமாஸ்தாக்களாக ஆடுவார்கள். அவரைத் தேடுவதுதான் கதை. எதிரி, முத்திரை வைத்த அந்த உத்தரவை எழுதியவர்கள்.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். விளையாட்டுகளைப் பற்றித் தொடர்ந்து எழுதுங்கள், டெல்டாப் பிள்ளைகள் ஆவலாகப் படிக்கிறார்கள். குற்றச்சாட்டு வந்த அதே இணைப்பில், அதே அளவு பெட்டியில், அந்த மறுப்பு வாக்குமூலங்களையும் ஒரு ஞாயிறு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
மயிலாடுதுறை.