357 பைட்டிலிருந்து ஒரு கம்பைலர்: தருமபுரி, கிருஷ்ணகிரி கணினித்துறை ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு நிரல் எழுதுவது என் வேலை. பர்கூர், செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும் இவ்விரு மாவட்டங்களின் பிற கல்லூரிகளிலும், மனிதர் எழுதும் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் பற்றிய பாடம் நடத்தும் உங்கள் எல்லோரிடமும் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். கம்பைலர் ஆக்க உதவும் லெக்ஸ், யாக் கருவிகளின் பயிற்சிகளோடு இன்னொன்றையும் ஆய்வகத்தில் சேருங்கள்: கையால் எழுதிய சில நூறு பைட்களில் தொடங்கி, ஒரு சி கம்பைலர் வரை மாணவர்களே படிப்படியாகக் கட்டி எழுப்பும் பயிற்சி.

எங்களிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் நிரலின் இலக்கணத்தைப் பிரித்தறியும் பார்சிங் அட்டவணையைப் பிழையில்லாமல் போடுகிறார்கள். ஜிசிசி என்ற புகழ்பெற்ற கம்பைலரின் மூலநிரல், அதாவது மனிதர் எழுதிய வடிவம், எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பதையும் அறிந்திருக்கிறார்கள். "அந்த மூலநிரலை எதைக் கொண்டு கம்பைல் செய்தார்கள்?" என்று கேட்டால், "முந்தைய ஜிசிசியைக் கொண்டு" என்கிறார்கள். அதற்கும் முன்னால்? அங்கே பேச்சு நின்றுவிடுகிறது. பாடத்திட்டமே அந்த இடத்தில் நின்றுவிடும்போது மாணவர்களைக் குறை சொல்ல முடியாது.

சந்தூர்ப் பக்கம் ஒட்டு மாங்கன்று வாங்கப் போகும் விவரமான விவசாயி, தாய்மரம் எது என்றுதான் முதலில் கேட்பார். கன்று எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், ரகம் மாறியிருந்தால் அது காய்க்கும்போதுதான் தெரியவரும். கம்பைலரும் அப்படி ஒட்டி வளர்த்ததுதான். ஒவ்வொரு கம்பைலரும் முந்தைய ஒன்றின் வழியாகவே பிறக்கிறது.

இதிலுள்ள ஆபத்தை, யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் தம் டூரிங் விருது உரையில் விளக்கினார். அந்த உரை 1984இல் அச்சானது. யூனிக்ஸின் உள்நுழைவு நிரலைக் கம்பைல் செய்யும்போது ரகசியக் கதவு ஒன்றைச் சேர்த்துவிடும் கம்பைலரை எண்ணிப் பாருங்கள். தன் மூலநிரலையே கம்பைல் செய்யும்போதும் அது அந்தச் சூழ்ச்சியைப் புதிய பிரதிக்குள் புகுத்திவிடும். பிறகு மூலநிரலிலிருந்து அந்த வரிகளை நீக்கிவிட்டாலும் பயனில்லை. கம்பைல் ஆகி வந்த இயந்திர வடிவமான பைனரி வழியாக அது தலைமுறை தலைமுறையாகத் தொடரும். மூலநிரலை வரிக்கு வரி படித்தாலும் பிடிபடாது. 2015இல், அதிகாரப்பூர்வமற்ற தளங்களில் பரவிய எக்ஸ்கோடு என்ற ஆப்பிளின் செயலி உருவாக்கும் மென்பொருளின் பிரதிகளில் விஷமம் கலந்திருந்தது. அவற்றைப் பயன்படுத்தியவர்கள் நேர்மையாக எழுதிய செயலிகளும் பாதிக்கப்பட்டன.

இதற்கு உலகில் சிலர் பல ஆண்டுகள் பொறுமையாக உழைத்து விடை கண்டிருக்கிறார்கள். குனு கீக்ஸ் என்ற லினக்ஸ் அமைப்பு முன்பு சுமார் 250 மெகாபைட் ஆயத்த பைனரிகளை நம்பித்தான் தன்னைக் கட்டிக்கொண்டது. 2023இல், கட்டுமானம் தொடங்கும் அந்தப் பைனரி விதை 357 பைட்டாகச் சுருங்கியது. பைட்டுக்கு இரண்டாக 714 குறிகள், ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடலாம்.

அந்த விதையின் பெயர் ஹெக்ஸ்0. அது செய்யும் வேலை மிக எளிது. 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் உள்ள குறிகளை இரண்டிரண்டாகப் படித்து, ஒவ்வொரு இணையையும் ஒரு பைட்டாக எழுதும். இடைவெளிகளையும் விளக்கக் குறிப்புகளையும் தாண்டிப் போகும். அதன் சொந்த மூலத்தையே அதனிடம் கொடுத்தால் அச்சு அசலாகத் தன்னையே திரும்பத் தரும். மாணவர் அந்தத் தாளையும் இன்டெல் கட்டளைக் கையேட்டையும் அருகருகே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பைட்டுக்கும் பொருள் எழுத வேண்டும். சிடி 80 என்ற இரண்டு பைட்கள் இயங்குதளத்தின் மையமான கர்னலை அழைக்கின்றன என்று அவரே கண்டுபிடிக்கும் நாளில், "இயந்திர மொழி" அவருக்கு வெறும் பாடநூல் சொல்லாக இருக்காது.

அடுத்து ஹெக்ஸ்0 மொழியில் ஒரு சிறு நிரலை எழுதச் சொல்லுங்கள். அதில் ஒரு கட்டளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, இடையில் எத்தனை பைட்கள் என்று கையால் எண்ண வேண்டும். நடுவே ஒரு கட்டளையைச் சேர்த்தால் அதைத் தாண்டிப் போகும் தாவல்கள் அத்தனையையும் மீண்டும் எண்ண வேண்டும். ஒன்று பிசகினாலும் நிரல் எங்கோ தாவி விழும். இந்தச் சிரமத்தைப் பட்டவருக்கு, தாவும் இடத்துக்கு ஓரெழுத்துப் பெயரை (லேபிள்) இட விடும் ஹெக்ஸ்1 பெரும் நிம்மதி. நீண்ட பெயர்களை ஏற்கும் ஹெக்ஸ்2 ஏன் அதற்கடுத்து வருகிறது என்பதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிரல் துண்டுகளை இணைத்து முகவரிகளை நிரப்பும் லிங்கர் எதற்கு என்று நாம் விரிவுரையில் சொல்வதைவிட இது ஆழமாகப் பதியும்.

அதன்பின், கட்டளைகளின் சொற்பெயர்களைப் பைட்களாக மாற்றும் எம்0 என்ற எளிய அசெம்பிளர். அசெம்பிளியில் எழுதிய, சி மொழியின் சிறு பகுதியை மட்டும் அறிந்த கம்பைலர். அந்தச் சிறு பகுதியிலேயே எழுதப்பட்ட எம்2-பிளானட் என்ற கம்பைலர். ஆய்வகம் இங்கே நின்றால் போதும். இதுவரையிலான படிகளைக் கணினி சில நிமிடங்களில் கட்டிவிடும். மேலே குனு மெஸ், டைனிசிசி என்ற சிறு கம்பைலர்கள், பழைய ஜிசிசி 2.95.3, பிறகு புதிய ஜிசிசிகள் என்று பாதை நீளும். 2013இல் வந்த 4.8 முதல் ஜிசிசியைக் கட்டவே சி++ கம்பைலர் தேவைப்படுவதால், பழைய பதிப்புகளின் வழியாகத்தான் ஏற வேண்டியிருக்கிறது. ஆர்வமுள்ளவர்கள் இறுதியாண்டுத் திட்டப்பணியாக அதை எடுத்துக்கொள்ளட்டும்.

இத்தோடு எல்லா ஐயமும் தீர்ந்துவிடும் என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். கீழே ஓடும் கர்னலும் பிராசசரும் இன்னமும் நாம் நம்பி ஏற்பவைதான். கீக்ஸிலும் கட்டுமானத்தை நடத்தும் கைல் என்ற நிரல்மொழியின் பைனரி சுமார் 25 மெகாபைட் அளவில் வெளியே நிற்கிறது. எதைச் சரிபார்த்தோம், எதை நம்பி விட்டுவிட்டோம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பொறியாளர்கள்தான் எங்கள் தொழிலுக்குத் தேவை.

பாடத்திட்டத்தில் இடமில்லை என்பீர்கள். உண்மைதான், எனக்கும் தெரியும். ஆனால் இதற்கு உரிமக் கட்டணமோ வேகமான இணையமோ புதிய கணினியோ தேவையில்லை. பென்னாகரத்திலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைகள், தடித்த ஆங்கில நூல்களின் முன் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த 714 குறிகளின் முன் யாருக்கும் யாரும் முந்தியவர் இல்லை.

அடுத்த பருவத்தின் ஆய்வகப் பட்டியல் முடிவாவதற்குள், ஒரு கல்லூரியாவது ஒரு பிரிவு மாணவர்களோடு இதைத் தொடங்கிப் பாருங்கள். ஹெக்ஸ்0 முதல் ஹெக்ஸ்2 வரையிலான படிகளுக்குத் தமிழில் விளக்கக் குறிப்பு எழுதித் தருகிறேன். சனிக்கிழமைகளில் நேரில் வந்து மாணவர்களோடு உட்கார்ந்து பைட் எண்ணவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓசூரிலிருந்து ஒரு நிரலாளர்