பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானோரின் சிகிச்சை, தடய சேகரிப்புச் செலவை அரசே ஏற்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், வேலூர் மாவட்டம்.

அனுப்புநர்: பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மருத்துவமனையில் துணை நிற்கும் செவிலியர்கள், வழக்கறிஞர்கள், சமூகப் பணியாளர்கள்.

பொருள்: தாலுகா மருத்துவமனைகளில் தடய கிட் (உடலிலும் உடையிலும் உள்ள தடயங்களை எடுக்கும் பொருள்களின் தொகுப்பு), மருந்து, வாகனத்துக்கு நிதி ஒதுக்க வேண்டுதல் – நினைவூட்டல் மனு.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்குப் பணிவான வணக்கம்.

இதே கோரிக்கையுடன் முன்பு கொடுத்த மனுக்களுக்கு ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது’ என்பதற்கு மேல் பதில் இல்லை. ஆகவே மீண்டும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

1. அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானோருக்கு உடனே இலவச சிகிச்சை தர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 397. மறுத்தால் பி.என்.எஸ். (தண்டனைச் சட்டம்) பிரிவு 200-இன்படி ஓராண்டு வரை சிறை.

2. தாலுகா மருத்துவமனை ஒன்றில் (பெயர் தனித்தாளில் இணைப்பு) தடய கிட் இருப்பில் இல்லை. அடுக்கம்பாறையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பேரணாம்பட்டு மலையோரத்திலிருந்தோ ஒடுகத்தூர் பக்கத்திலிருந்தோ அடுக்கம்பாறை எவ்வளவு தூரம் என்பது தாங்கள் அறிந்ததே. தடயம் எடுக்கும் வரை அந்தப் பெண் குளிக்கக் கூடாது, உடுத்திய துணியை மாற்றக் கூடாது, வாய் கொப்பளிக்கக்கூடத் தயங்க வேண்டும். சிறுநீர் கழித்தாலே தடயம் குறையும் என்பதால் அதையும் அடக்கிக்கொண்டு, கறைபடிந்த அதே உடையில், பெண் காவலர் வரவும் வண்டி கிடைக்கவும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எதற்காக? பஞ்சுக்குச்சி, மாதிரி தடவும் கண்ணாடித் தகடு, சீப்பு, நகவெட்டி, இரண்டு ரத்தக் குப்பி, நின்று உடை களைய விரிக்கும் பெரிய தாள், பழுப்புக் காகித உறை, அரக்கு. இவ்வளவுதான் ஐயா கிட்! இதற்குமா நிதி இல்லை?

கிட் இல்லாமல் கையில் கிடைத்ததை வைத்து எடுத்தாலும் கெடுதல்தான். ஈரக் குச்சியை நிழலில் உலர்த்தாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். துணிகளை ஒரே பையில் திணித்தால் ஒன்றின் கறை மற்றொன்றில் ஒட்டும். ஆய்வகம் ‘கண்டறிய இயலவில்லை’ என்று எழுதும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த ஒரு வரி போதும். அந்தப் பெண் அத்தனையும் பொறுத்துக்கொண்டது வீணாகிறது.

3. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் தர வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். ஹெபடைடிஸ் பி ஊசிக்கு அடுத்த தவணைகளும் உண்டு. முதல் நாள் சில மாத்திரை தந்து, ‘மீதியை வெளியே வாங்கிக்கொள்’ என்று சீட்டு கொடுத்தால் தினக்கூலி வீட்டில் எப்படி வாங்குவார்கள்? தொடர் பரிசோதனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் யார் தருவது?

4. குழந்தை என்றால், போக்சோ விதிகள் 2020-இன்படி உணவு, உடை, பயணத்துக்கான உடனடி உதவித்தொகையைக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்த ஒரு வாரத்துக்குள் தர வேண்டும். தருவதை உறுதிசெய்யுங்கள்.

5. எப்.ஐ.ஆர். கொண்டு வா என்று சிகிச்சையை நிறுத்தக் கூடாது. எழுத்தில் உத்தரவிடுங்கள்.

ஆகவே, ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் எந்நேரமும் குறைந்தது 5 கிட், முழு 28 நாள் மருந்து, மாதிரிகளைப் பூட்டி வைக்கக் குளிர்பெட்டி, மாற்று உடை, போய்வர வாகனம் ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கி, பொறுப்பு அலுவலரின் பெயரை அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எல்லாம் சேர்ந்து வரத் தாமதமானால் முதலில் கிட்டையாவது இந்த வாரமே அனுப்புங்கள். மன்றாடிக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், மருத்துவமனை விவரத் தனித்தாள்.